பேப்பர் போடும் சுதந்திரம்

பாலோ ஆல்டோ ரயில் நிலையத்தில் இறங்கி, யூனிவர்சிட்டி அவென்யூவின் காபிக் கடைகளைத் தாண்டித் தெற்கே நடந்தால் இருபது நிமிடத்தில் அடிசன் அவென்யூ வந்துவிடும். மரநிழல் விழுந்த, சத்தமில்லாத குடியிருப்புத் தெரு. 367ஆம் எண் வீட்டின் பக்கவாட்டுப் பாதைக்கு அந்தக் கோடியில், 12 அடிக்கு 18 அடி அளவில் ஒரு மரக் கொட்டகை நிற்கிறது. 1938இல் பில் ஹியூலெட்டும் டேவ் பேக்கார்டும் 538 டாலர் முதலோடு வேலை தொடங்கிய கார் ஷெட் அதுதான். உள்ளே விடமாட்டார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு பிறந்த இடம் என்று அறிவிக்கும் பலகையைப் படமெடுத்துக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். பலகையில் இருப்பது முதலாளிகளின் கதை. இந்த ஊரில் வேலைக்குப் போனவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள், ஏன் அப்படி நடத்தப்பட்டார்கள் என்று அறிய இங்கிருந்து தெற்கே ஒரு சுற்று சுற்ற வேண்டும். பார்க்க வேண்டியதெல்லாம் இருபது மைலுக்குள் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் ஐடி கம்பெனிகள் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பலவற்றைக் கொண்டுவந்திருக்கின்றன: தடுப்பில்லாத அலுவலகம், டேபிள் டென்னிஸ் மேஜை, மேலதிகாரியைப் பேர் சொல்லி அழைக்கும் வழக்கம், ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று தொடங்கும் டவுன்ஹால் கூட்டம். கொண்டுவராமல் விட்ட ஒன்று உண்டு. இங்கே ஊழியருக்குக் கிடைத்த மரியாதையின் பெரும்பகுதி, பிடிக்காவிட்டால் பேப்பர் போட்டுவிட்டு அடுத்த தெருவில் சேர்ந்துவிடலாம் என்ற நிலையால் வந்தது என்பது என் வாதம். அந்த வழி திறந்திருந்தவரை நிர்வாகங்கள் ஊழியரிடம் பணிவாக நடந்தன. அடைபட்ட இடங்களில் அதே நிர்வாகங்களின் பேச்சும் நடத்தையும் வேறாக இருந்தன.

இந்த வாதத்துக்கு முதல் இடைஞ்சல் இந்தக் கொட்டகையே. ஹியூலெட்-பேக்கார்டு கம்பெனி ஊழியரை நடத்திய விதத்துக்கு ‘எச்பி வழி’ என்று பெயரே உண்டு. மேலாளர்கள் அறைக்குள் அடைந்து கிடக்காமல் மேஜை மேஜையாக நடந்து போய்ப் பேசினார்கள். லாபத்தில் பங்கு தரப்பட்டது. ஒரு விடுமுறை நாளில் வேலைக்கு வந்த ஹியூலெட், பொருள் அறை பூட்டியிருப்பதைக் கண்டு கொண்டியை வெட்டித் திறந்துவிட்டு, இனி இதைப் பூட்டக் கூடாது என்று குறிப்பு எழுதி வைத்துப் போனதாகப் பேக்கார்டு தன் நூலில் சொல்கிறார். இதெல்லாம் விளம்பரத்துக்குச் செய்ததாக இருக்கலாம் என்று தள்ளிவிட முடிந்தாலும், 1970இல் நடந்ததைத் தள்ள முடியாது. ஆர்டர்கள் குறைந்து, பத்தில் ஒருவரை அனுப்ப வேண்டிய நிலை வந்தபோது, அவர்கள் யாரையும் அனுப்பவில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள். பதிலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆறு மாதத்தில் ஆர்டர் திரும்பியது, சம்பளமும் திரும்பியது. தொழில் படுத்திருந்த நேரம் அது. பிடிக்காவிட்டால் போய்ச் சேர வேறு கம்பெனி ஊழியருக்கு இருந்திருக்காது. அப்படியும் முதலாளி நேர்மையாக நடந்துகொண்டார் என்றால் என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். ஓட்டை இருக்கிறதுதான். நல்ல மனசு என்ற ஒன்று தொழிலில் உண்டு, அதற்கு இந்த ஷெட் சாட்சி. ஆனால் அது எவ்வளவு நாள் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 2001இல், நிறுவனர்கள் இருவரும் மறைந்த பிறகு, அதே கம்பெனி ஊழியரிடம் தாமாக முன்வந்து சம்பளத்தை விட்டுத்தரக் கேட்டது. 80,000 பேருக்கு மேல் பழைய நம்பிக்கையில் சம்மதித்தார்கள். சில வாரங்களில் 6,000 பேரை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. முதலாளியின் குணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு முதலாளியோடு போய்விட்டது. ஊழியர் கையில் அதைத் தாங்கிப் பிடிக்க எதுவும் தரப்பட்டிருக்கவில்லை.

அடுத்த நிறுத்தம் மவுன்டன் வியூவில், சான் அன்டோனியோ சாலை, எண் 391. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள்; புதிய அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே, நடைபாதையை ஒட்டி, ஆளுயரத்துக்கு மேல் பெருக்கிச் செய்த டிரான்சிஸ்டரும் டயோடும் சிற்பங்களாக நிற்கின்றன. ஆப்ரிகாட் பழம் கட்டும் கொட்டகையாக இருந்த இடத்தில் 1956இல் வில்லியம் ஷாக்லி தன் குறைகடத்தி ஆய்வகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஆள் எடுப்பதில் அவருக்கு நிகரில்லை. ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்று தேடித் தேடி எடுத்தார். எடுத்தவர்களை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. ஆய்வகத்தில் ஒரு பெண் ஊழியரின் கையில் கீறல் பட்டதும் யாரோ சதி செய்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஊழியரைப் பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கு உட்படச் சொன்னார். கடைசியில் பார்த்தால், தலை உடைந்த ஒரு குண்டூசி. இன்றைக்கு மவுஸ் அசைகிறதா என்று மென்பொருள் வைத்து ஆளைக் கண்காணிக்கும் மேலாளர்களுக்கு ஷாக்லியை மூதாதை என்று சொல்லலாம். வேறு ஊராக இருந்திருந்தால் அந்த இளைஞர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள், அல்லது தொழிலையே மாற்றியிருப்பார்கள். இங்கே எட்டுப் பேர் 1957 செப்டம்பரில் ஒன்றாக வெளியேறி, கிழக்குக் கரையிலிருந்து வந்த ஷெர்மன் ஃபேர்சைல்டின் பணத்தோடு ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடம் கிழக்கு சார்ல்ஸ்டன் சாலை 844ஆம் எண்ணில் இன்னும் இருக்கிறது. ஷாக்லியின் இடத்திலிருந்து காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. தொழிலில் நிலைக்கக்கூடிய முதல் ஒருங்கிணைந்த மின்சுற்று 1959இல் அங்கே உருவானது. ஃபேர்சைல்டும் தன் முறைக்குப் பாடம் கற்றது. நியூயார்க்கில் இருந்த தலைமையகம் இங்கிருந்த பொறியாளர்களுக்குப் பங்கு தரத் தயங்கியது. ஒவ்வொருவராகப் போனார்கள். 1968இல் நாய்ஸும் மூரும் போய் இன்டெலைத் தொடங்கினார்கள். அதன்பின் இந்த ஊரில் கம்பெனி தொடங்கியவர்கள் ஊழியருக்குப் பங்கு ஒதுக்குவதைச் சாதாரணமாக்கினார்கள். தாராளம் ஓரளவு இருக்கலாம்; தராவிட்டால் ஆள் இருக்கமாட்டார் என்று கண்ணால் பார்த்த அனுபவம் அதைவிடப் பெரிய காரணம்.

இந்த எட்டுப் பேரை யாரும் நீதிமன்றத்துக்கு இழுத்து நிறுத்தி வைக்காததற்குக் கலிபோர்னியாவின் சட்டம் ஒரு காரணம். ஒருவர் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1872இல் அங்கே எழுதி வைத்தார்கள். பின்னர் அது தொழில் சட்டத் தொகுப்பின் 16600ஆம் பிரிவாயிற்று. கணினித் தொழிலை மனதில் வைத்து எழுதியதல்ல. தங்க வேட்டைக்கு வந்தவர்கள் வயல்களிலும் கடைகளிலும் குடியேறிக்கொண்டிருந்த காலம். எதிர்க்கரையில், பாஸ்டன் நகரைச் சுற்றிய ரூட் 128 நெடுஞ்சாலை ஓரத்தில் இதே தொழில் இதே அளவுக்கு வளர்ந்தது. அங்கே போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தம் செல்லும். கம்பெனிகள் தங்களுக்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டன. ஊழியர்களும் ஒரே இடத்தில் நரைத்தார்கள். 1994இல் அன்னாலீ சாக்செனியன் இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு எழுதிய நூல், ஆட்கள் கம்பெனிக்குக் கம்பெனி தாவியது மேற்குக் கரையை எப்படித் தூக்கிவிட்டது என்று காட்டியது. அந்த நெடுஞ்சாலையின் பெருமையாக இருந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தை 1998இல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002இல் எச்பி விழுங்கியது. சட்டம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ராணுவ ஆர்டர்களும் இல்லாமல் இந்த ஊர் இல்லை. ஆனால் பயிற்சி கொடுத்த ஆள் ஓடிவிட்டால் தொழில் நாசமாகும் என்று நம் ஊர் மனிதவளத் துறைகள் சொல்லும் பயத்துக்கு, ஆள் ஓடியே வளர்ந்த ஓர் ஊர் இங்கே பதிலாக நிற்கிறது.

கூகுளின் தலைமையகம் ஃபேர்சைல்டு கட்டடத்துக்கு வெகு தொலைவில் இல்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற கம்பெனிக்காகக் கட்டிய வளாகம் அது. அந்தக் கம்பெனி தேய்ந்த பிறகு கூகுள் உள்ளே வந்தது. புல்வெளி, வண்ண மிதிவண்டிகள், காசு வாங்காத உணவகங்கள். நம் ஊரில் இருந்து வரும் விருந்தினர்கள் அதிகம் படமெடுப்பது இவற்றைத்தான். என் கண்ணுக்குக் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நிறம்தான் பெரிய விஷயம். நிரந்தர ஊழியருக்கு வெள்ளை, ஒப்பந்த ஊழியருக்குச் சிவப்பு. 2019இல் வெளியான கணக்கின்படி ஒப்பந்த, தற்காலிக ஊழியர்கள் ஏறத்தாழ 1,21,000 பேர், நிரந்தர ஊழியர்கள் ஏறத்தாழ 1,02,000 பேர். ஒரே கட்டடம், சில சமயம் ஒரே வேலை. ஆனால் பங்கு, விடுப்பு, அனைவருக்குமான கூட்டத்துக்கு அழைப்பு என்று வரும்போது அட்டையின் நிறம் குறுக்கே நிற்கும். நிறுவனத்தின் ‘கலாச்சாரம்’ மனசிலிருந்து வருவது என்றால் அது அட்டை நிறம் பார்க்காது. சந்தையில் எளிதாக வேறு இடம் கிடைப்பவருக்கு ஒரு கவனிப்பு, கிடைக்காதவருக்கு வேறு கவனிப்பு என்பதே நடப்பு. நல்ல மேலாளர் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக அமையும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் கூகுளின் ‘ஆக்சிஜன்’ ஆய்வையே காட்டுவார்கள். மேலாளர்களால் பயன் உண்டா என்று 2009இல் தொடங்கிய ஆய்வு அது. உண்டு என்றும், தொழில்நுட்ப அறிவைவிட ஆளை வளர்த்துவிடும் குணமே முக்கியம் என்றும் முடிவு வந்தது. ஆனால் நல்ல மேலாளரால் பயன் உண்டு என்று அவர்கள் காட்டிய விதத்தைக் கவனியுங்கள்: அப்படிப்பட்டவரின் குழுவிலிருந்து ஊழியர் குறைவாகவே விலகினார்கள் என்பது அதில் ஒரு முக்கியச் சான்று. விலக முடியாத ஊழியர்களை வைத்து அந்த ஆய்வைச் செய்திருந்தால் எல்லா மேலாளரும் பாஸ்.

கூப்பர்டினோவில் இருக்கும் ஆப்பிள் பார்க்கின் வட்டக் கட்டடத்துக்குள்ளும் வெளியாள் போக முடியாது. டான்டாவ் அவென்யூவின் எதிர்ப்பக்கத்தில் பார்வையாளர் மையத்தின் மொட்டை மாடியில் நின்றால், மரங்களுக்கு மேலே அதன் விளிம்பு மட்டும் தெரியும். அந்த மண் எச்பி வளாகமாக இருந்தது. 2010இல் ஆப்பிள் வாங்கியது. சிறுவனாக ஹியூலெட்டின் வீட்டுக்குப் போன் செய்து உதிரி பாகம் கேட்டு, கோடை விடுமுறை வேலையும் வாங்கிய கதையை, இங்கே கட்டட அனுமதி கேட்டு நகரமன்றத்தின் முன் நின்றபோது ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். எச்பி மீது அவ்வளவு பக்தி கொண்டவர், ஊழியர் வெளியே போகும் வழியை அடைக்கப் பார்த்தவர்களில் முன்னவர் என்பது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. ஒருவர் ஆளை மற்றவர் கூப்பிடக் கூடாது என்று ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலிய நிறுவனங்களுக்கிடையே கமுக்கமாக உடன்பாடு இருந்தது. 2007இல் ஆப்பிள் பொறியாளரை வேலைக்கு அழைத்த கூகுள் ஆள் எடுப்பவர் ஒருவரைப் பற்றி ஜாப்ஸ் புகார் சொல்ல, அவர் வேலையிழந்தார். அந்தச் செய்தியைத் தன் ஆட்களுக்கு அனுப்பும்போது ஜாப்ஸ் ஒரு சிரிப்புக் குறியைச் சேர்த்து அனுப்பினார். பாம் கம்பெனியின் தலைவரிடம் இதே உடன்பாட்டைக் கேட்டபோது, இது சட்டவிரோதமாக இருக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். 2010இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டது. ஏறத்தாழ 64,000 ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில், 32.45 கோடி டாலர் போதாது என்று நீதிபதி திருப்பியனுப்ப, 2015இல் 41.5 கோடி டாலருக்கு நான்கு நிறுவனங்கள் சமரசம் செய்துகொண்டன.

இந்த வழக்கை நான் என் வாதத்தின் நடுத்தூணாக வைக்கிறேன். ஊழியர் மரியாதை தாங்கள் உருவாக்கிய கலாச்சாரத்தால் வருகிறது என்று மேடையில் பேசியவர்கள், அறைக்குள் எதற்குப் பயந்தார்கள் என்பதை இது சொல்கிறது. இந்த உடன்பாட்டில் சேர ஃபேஸ்புக் மறுத்தது. கூகுளிலிருந்து ஆட்களை இழுத்தது. நீதித்துறை தலையிட்ட அதே ஆண்டின் நவம்பரில் கூகுள் தன் ஊழியர் அனைவருக்கும் 10 சதவீதச் சம்பள உயர்வு அறிவித்தது. அப்ரைசல் இல்லை, ரேட்டிங் இல்லை, எல்லோருக்கும். அடுத்த கம்பெனி அழைக்கிறது என்பதைவிட நல்ல மனிதவளக் கொள்கை எதையும் அந்த ஆண்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கடினமான எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஊழியர் நினைத்தால் போகலாம் என்ற கலிபோர்னியாவில், நிறுவனம் நினைத்தால் அனுப்பவும் செய்யலாம். 2023 ஜனவரி 20 அன்று கூகுள் 12,000 பேரை மின்னஞ்சலில் நீக்கியது. மின்னஞ்சலைப் படிக்கும் முன்பே கணக்கு முடங்கியிருப்பதைக் கண்டு செய்தி அறிந்தவர்கள் உண்டு. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கையெழுத்திட்ட கடிதம் அது. நம் ஊர் ஆள் என்பதால் கடிதத்தின் வெப்பநிலை கூடிவிடவில்லை. ஒரே நேரத்தில் எல்லா நிறுவனங்களும் ஆளைக் குறைக்கும்போது வெளியே போகும் சுதந்திரத்துக்கு மதிப்பில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அதோடு இன்னொன்றும் வேண்டும். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் விலகுவதையும் குரல் கொடுப்பதையும் சேர்த்தே பேசினார். 2018 நவம்பர் 1 அன்று உலகெங்கும் கூகுள் ஊழியர் சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். பாலியல் புகாருக்கு ஆளான ஓர் உயரதிகாரி 9 கோடி டாலரோடு வழியனுப்பப்பட்ட செய்தி அதற்குக் காரணம். சில மாதங்களில், ஊழியர் புகார்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் தனியார் நடுவரிடம் கட்டாயம் கொண்டுபோக வைத்த விதியை நிறுவனம் கைவிட்டது. வேலை போனாலும் வேறு வேலை கிடைக்கும் என்று நம்பியவர்களால்தான் அப்படி வெளியே வந்து நிற்க முடிந்தது.

அந்த நம்பிக்கை இல்லாதவர்களைப் பார்க்க சன்னிவேலுக்கு வர வேண்டும். எல் கமினோ ரியல் சாலையில் இட்லி தோசைக் கடைகளும், முருங்கைக்காயும் அப்பளமும் விற்கும் மளிகைக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. வார இறுதியில் தமிழும் தெலுங்கும் காதில் விழாமல் பத்தடி நடக்க முடியாது. இவர்களில் பலர் எச்-1பி விசாவில் வந்தவர்கள். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் கடன், பிள்ளையின் பள்ளி எல்லாவற்றையும் விட்டுக் கிளம்ப வேண்டும். எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. வேலை மாறச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் மாறினால் புதிய நிறுவனம் காகித வேலையை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதால், பதவி உயர்வு மறுக்கப்பட்டாலும் மேலாளர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் பொறுத்துப்போகிறார்கள். எட்டுப் பேர் துணிந்து வெளியேறி உருவாக்கிய அதே ஊரில், அதே கட்டடங்களில், வெளியேற முடியாத ஒரு பெருங்கூட்டம் வேலை பார்க்கிறது. இலவசச் சாப்பாடு இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

இனி சென்னைக்கு வரலாம், ஏனென்றால் ஓஎம்ஆர் சாலைக்கும் கலிபோர்னியாவுக்கும் சட்ட வழியில் ஓர் உறவு இருக்கிறது. தொழில் செய்யத் தடை விதிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் 1872இல் எழுதப்பட்டதுதான். இரண்டுக்கும் மூலம் டேவிட் டட்லி ஃபீல்டு என்ற நியூயார்க் வழக்கறிஞர் தயாரித்த வரைவு. காகிதத்தில் சிறுசேரியில் இருப்பவருக்கும் மவுன்டன் வியூவில் இருப்பவருக்கும் ஒரே உரிமை. நடப்பில் இங்கே பெரிய நிறுவனங்கள் பலவற்றில் 90 நாள் நோட்டீஸ் பீரியட். பணம் கட்டி முன்னதாகப் போகலாமா என்றால் மேலாளர் மனசு வைக்க வேண்டும். ரிலீவிங் லெட்டர் இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் பின்னணிச் சரிபார்ப்பில் நிற்க வேண்டும். தன் ஊழியரை மூன்று மாதம் கட்டிவைக்கும் அதே நிறுவனம், வேலை விளம்பரத்தில் ‘உடனே சேர்பவர்களுக்கு முன்னுரிமை’ என்று போடுவதை என்னவென்று சொல்வது? 2025 மே மாதம், மூன்று ஆண்டு பணியாற்றாவிட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆள் எடுக்கப் பெரும் செலவில் தேர்வு நடத்தும் பொதுத்துறைக்கு அந்த நியாயம் பொருந்தலாம். வாடிக்கையாளரின் வேலையைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது என்பதும் நியாயமே. பொறுப்பை ஒப்படைக்கச் சில வாரம் தேவை. அதற்கு 30 நாள் போதும். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நிறுவனம் அனுப்ப வேண்டுமானால் தகுந்த காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. போகிறவருக்கு மட்டும் மூன்று மாதம் எதற்கு என்று தொழிலாளர் துறை கேட்கலாம். சங்கங்கள் கேட்க வைக்கலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வாங்கும் பிள்ளைகளும் பெற்றோரும் சம்பளத் தொகையைப் பார்த்த கையோடு அதே கடிதத்தில் நோட்டீஸ், பாண்ட் என்ற இரண்டு பத்திகளையும் படியுங்கள். 30க்கு மேல் எண் இருந்தால், ஏன் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.